மாத்திரை கொடுக்காமல் படுக்க வைப்பது: பி.டி.எஸ்.டி. உள்ளவரின் மூளை ரசாயனத்தை ஸ்கேனில் அளக்கும்போது

ஸ்கேன் சென்டருக்குப் பயந்தவர் ஒருவர் வந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? பதற்றம் தணிக்கிற அல்பிரஸோலம் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, வெளியே பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார வைத்து, கண் சொருகியதும் உள்ளே அனுப்புவார்கள். முதுகு டிஸ்க் விலகியிருக்கிறதா என்று பார்க்க அது போதும். மூளையில் காபா, அதாவது நரம்பணுக்களை அமைதிப்படுத்துகிற ரசாயனம், எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வந்தவருக்கு அதே மாத்திரையைக் கொடுத்தால் கதை வேறு. அல்பிரஸோலமும் அதே வகை லோரஸிபாமும் வேலை செய்கிற இடமே காபா போய் ஒட்டுகிற ஏற்பிதான். எதை அளக்க வந்தோமோ அதையே கலைத்துவிட்டு அளக்கிறோம்.

பி.டி.எஸ்.டி. என்கிற அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயில் மூளை ரசாயனம் எப்படி மாறுகிறது என்று ஸ்கேனில் பார்க்கிற வேலையின் முழுக் கஷ்டமும் இங்கேதான் இருக்கிறது. சத்தத்துக்கும் அடைசலுக்கும் மற்றவர்களைவிட அதிகம் பயப்படுகிறவரை, அடைசலான சத்தமான குழாய்க்குள் ஒரு மணி நேரம், மாத்திரை இல்லாமல், அசையாமல் படுக்க வைக்க வேண்டும். மென்பொருளும் கணக்கும் அதற்கப்புறம்தான். படுத்தவர் நிம்மதியாக இல்லாமல் எடுத்த ஸ்பெக்ட்ரத்தை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

கொங்கு வட்டாரத்தில் இந்த நோய்க்குக் காரணங்கள் தேட வேண்டியதில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுவர் இடிந்து 17 பேர். 2020 பிப்ரவரியில் அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தின் மீது கன்டெய்னர் லாரி மோதி 19 பேர். இவை செய்தித்தாளில் வந்தவை. தறியில் கை போனவர், வால்பாறையில் யானையின் முன்னால் நின்று தப்பியவர், பைபாஸில் கண்ணெதிரே மகனைப் பறிகொடுத்தவர் என்று செய்தியாகாதவர்கள் இன்னும் எத்தனையோ பேர். ஒரே பேருந்தில் வந்த இரண்டு பேரில் ஒருவர் ஆறு மாதத்தில் பழையபடி வேலைக்குப் போகிறார். இன்னொருவர் லாரி ஹாரன் கேட்டாலே வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிடுகிறார். இந்த இருவருக்கும் இடையே மூளையில் என்ன வித்தியாசம் என்பதுதான் கேள்வி. ஆகவே ஒப்பீட்டுக் குழுவுக்கு எந்த அதிர்ச்சியும் காணாத கல்லூரி மாணவர்களை மட்டும் எடுக்கக் கூடாது. அதே மாதிரி அதிர்ச்சியைக் கண்டும் நோய் வராதவர்கள் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நோயின் தடம் எது, அதிர்ச்சியின் தடம் எது என்று பிரிக்கவே முடியாது.

இதுவரை தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இந்த நோய் தனிப்பெயரோடு இடம்பெற்றது. 1995இல் பிரெம்னர் குழு, வியட்நாம் போரில் இருந்து வந்து இந்நோய் கண்டவர்களின் வலது ஹிப்போகேம்பஸ், அதாவது நினைவைக் கையாளும் மூளைப்பகுதி, சராசரியாக 8 சதவீதம் சிறியது என்று எம்.ஆர்.ஐ.யில் காட்டியது. 2002இல் கில்பர்ட்சன் குழு இரட்டையர்களை வைத்துப் பார்த்தபோது, போருக்கே போகாத உடன்பிறந்தவருக்கும் அது சிறியதாகவே இருந்தது. ஆக, அளவு சிறியதாக இருப்பது நோயின் விளைவு மட்டுமாக இருக்க வேண்டியதில்லை, முன்பே இருந்த பலவீனமாகவும் இருக்கலாம். அளவை விட்டு ரசாயனத்தைப் பார்க்கத் தூண்டியது 2001இல் வந்த ஷூஃப் குழுவின் ஆய்வு. ஹிப்போகேம்பஸின் அளவில் வித்தியாசம் இல்லாதவர்களிடமும் அதிலுள்ள என்.ஏ.ஏ. என்கிற பொருள் சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தது. என்.ஏ.ஏ. பெரும்பாலும் நரம்பணுக்களுக்குள் இருப்பது. அது குறைந்தால் நரம்பணுக்கள் குறைந்தன, அல்லது இருப்பவை சரியாக வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 2014இல் மேயர்ஹோஃப் குழு, பக்கவாட்டு டெம்போரல் பகுதியிலும் பின்பக்கப் புறணியிலும் காபா குறைந்திருப்பதைக் கண்டது. அந்தக் குறைவு தூக்கமின்மையோடு சேர்ந்தே போனது. இந்தத் தூக்க விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி எடுக்கிற பெட் ஸ்கேனில் தெரிவது வேறு. ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது போய் ஒட்டுகிற ஏற்பிகளை அது காட்டும். 2013இல் நியூமெய்ஸ்டர் குழு கன்னாபினாய்டு சி.பி.1 ஏற்பிகளும், 2017இல் ஹோம்ஸ் குழு, நரம்பணுக்களைத் தூண்டுகிற குளூட்டமேட்டின் எம்.குளூ.ஆர்.5 ஏற்பிகளும் இந்நோயில் கூடுதலாகத் தெரிவதாகச் சொன்னது இந்த வழியில்தான். நம் ஊர்க் கணக்கில் அதன் சிரமத்தைப் பாருங்கள். ஊசியில் சேர்க்கிற கதிரியக்கக் கார்பன்-11இன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைகிற நேரம், 20 நிமிடம். கோவையில் தயாரித்து ஈரோட்டுக்கு இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோனால் நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிஞ்சாது. ஃபுளூரின்-18இன் அரைவாழ்வு 110 நிமிடம் என்பதால் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் போய்ச் சேரும். கதிர்வீச்சு, செலவு, அனுமதி எல்லாம் தனி. ஆகவே 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இருக்கிற ஊரில் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி, அதாவது எம்.ஆர்.எஸ்., நடைமுறைக்கு உகந்தது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, அதே இயந்திரம்தான்.

எம்.ஆர்.எஸ். படம் எடுப்பதில்லை. மூளையில் ஒரு பெட்டியைக் குறித்து, அதற்குள் இருக்கிற பொருட்கள் எந்தெந்த அலைவரிசையில் குரல் கொடுக்கின்றன என்று கேட்கிறது. அந்தப் பெட்டிக்குப் பெயர் வாக்ஸெல். அலைவரிசையை பி.பி.எம். என்ற அளவில் குறிப்பார்கள். நீர் 4.7 பி.பி.எம்.மில் பேசும், என்.ஏ.ஏ. 2.0இல், கிரியாட்டின் 3.0இல், கோலின் 3.2இல், மயோ இனோசிட்டால் 3.56இல். நீரின் சிக்னல் மற்றவற்றைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு பெரியது. மாரியம்மன் நோன்பில் ரேடியோ செட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் காதோடு சொல்வதைக் கேட்பது போன்ற வேலை. அதனால்தான் சின்னச் சின்ன விஷயமெல்லாம் இதில் பெரிதாகிறது.

இனி ஆளுக்கு வருவோம். வேலை ஸ்கேன் நாளன்று தொடங்குவதில்லை, ஒரு வாரம் முன்பே தொடங்குகிறது. அப்போதே போனில் மூன்று விஷயம் கேட்டுவிட வேண்டும்: உடம்பில் இரும்பு, சாப்பிடுகிற மாத்திரை, எதைக் கண்டால் பயம்.

இரும்பு என்றதும் நகை ஞாபகம்தான் எல்லோருக்கும் வரும். கோவையில் முதலில் கேட்க வேண்டியது லேத் பட்டறை. லேத், கிரைண்டிங், ஃபவுண்டரி வேலை பார்த்தவரிடம் "கண்ணுல எப்பவாச்சும் பிசிறு உழுந்து டாக்டர்கிட்டப் போய் எடுத்திருக்கீங்களாண்ணா?" என்று நேராகக் கேளுங்கள். "உலோகப் பொருள் ஏதேனும் உள்ளதா" என்று படிவத்தில் கேட்டால் இல்லை என்று டிக் போட்டுவிடுவார். பத்து வருஷம் முன் விழுந்த பிசிறை அவர் உலோகமாக நினைப்பதில்லை, அது அவருக்குத் தினப்படி சமாச்சாரம். விழுந்திருந்தால் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். காந்தப் புலத்தில் அந்தத் துணுக்கு நகர்ந்தால் பார்வை போய்விடும். குண்டுவெடிப்பில் தப்பியவர் உடம்பில் சில்லு இருக்கலாம், அதற்கும் எக்ஸ்ரே. விபத்தில் பிழைத்தவர் "காலுல பிளேட்டு வெச்சிருக்குதுங்க" என்பார். டைட்டானியம் பெரும்பாலும் சிக்கல் இல்லை, ஆனாலும் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

மூக்குத்தி கண்டிப்பாகக் கழற்ற வேண்டும். மூளையின் முன்பகுதிக்கு அத்தனை அருகில் உலோகம் இருந்தால் காந்தப் புலம் கோணும், சூடேறும் அபாயமும் உண்டு. வருஷக்கணக்கில் கழற்றாத திருகாணியை உடைமாற்றும் அறையில் வைத்துப் போராடினால் அந்த அம்மாவுக்கு மூக்கு வீங்கும், அதைவிட மோசமாகப் பதற்றம் ஏறும். முதல் நாளே வீட்டில் எண்ணெய் விட்டுக் கழற்றட்டும், வரவில்லை என்றால் நகை ஆசாரியிடம் போகட்டும். தாலிக்கொடிக்குப் பதில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கொம்பு கட்டிக்கொண்டு வரச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பு இருப்பதில்லை, ஆனால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழற்றவே முடியாத மெட்டியைச் சின்னக் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் கதிரியக்க மருத்துவரின் சம்மதத்தோடு டேப் சுற்றிவிடலாம். வெள்ளி அரைஞாண் கழற்றியாக வேண்டும்.

தாயத்து விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். இந்த நோய் உள்ளவரின் கையில் கட்டியிருக்கிற தாயத்து பெரும்பாலும் இந்தப் பயத்துக்கே மந்திரித்துக் கட்டியது. விபத்து நடந்த இரண்டாம் வாரம் அவர் அம்மா கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கட்டியிருப்பார். அதைக் கத்தரிக்கோலால் வெட்டி டப்பாவில் போட்டுவிட்டு "படுங்க" என்றால், அவருக்கு இருந்த ஒரே காவலைப் பிடுங்கிக்கொண்டு பயமான இடத்துக்குள் தள்ளுகிறீர்கள். முடிச்சை அவிழ்க்கக் கூட வந்தவரைக் கூப்பிடுங்கள். "நானே கையில வெச்சுக்கிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கறேன் சாமி, நீ பாரு" என்று அவர் சொல்லட்டும். தலைக்கூண்டில் இருக்கிற சாய்வுக் கண்ணாடியில் கால்பக்கம் தெரியும். அம்மா நிற்கிற ஜன்னல் அதில் தெரிகிற மாதிரி கண்ணாடியைத் திருப்பி வையுங்கள். இதற்கு ஆவது மூன்று நிமிடம். இப்படிச் செய்தவர் பாதியில், கையில் கொடுக்கிற அவசர மணிப் பந்தை அமுக்கி வெளியே வருவது குறைவு.

மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்டால் பதில் வராது. "நரம்பு மாத்திரை", "தூக்க மாத்திரை" என்பார்கள். அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். விபத்தில் அடிபட்டவர் நரம்பு வலிக்குச் சாப்பிடுகிற கேபபென்டின் மூளையில் காபாவைக் கூட்டும். ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் தருகிற டோபிராமேட்டும் அப்படியே. எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்துகளும் காபா அளவை மாற்றுவதாக ஆய்வுகள் உண்டு. மதுவும் புகையும் கணக்கில் வரும். பெண்களுக்கு மாதவிலக்குச் சுழற்சியில் காபா ஏறி இறங்கும், கடைசியாகத் தலைக்கு ஊற்றிய தேதியைப் பெண் ஊழியர் கேட்டுக் குறிக்க வேண்டும். இதற்காக யாரையும் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்லாதீர்கள். அல்பிரஸோலம் வகையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். நிறுத்துவதும் குறைப்பதும் அவருக்கு வைத்தியம் பார்க்கிற மனநல மருத்துவர் முடிவு. நம் வேலை எதை, எவ்வளவு, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று மணியோடு எழுதி வைப்பது. அப்படி எழுதி வைத்தவரைப் பின்னால் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். எழுதாமல் விட்டவரால் மொத்தக் கூட்டமும் கெடும்.

மூன்றாவது, சத்தம். எம்.ஆர்.ஐ. சத்தத்தை முன்கூட்டியே போனில் பதிவு செய்து அனுப்பலாம், நல்ல பலன் தரும். பல்லடம், சோமனூர் பக்கத்து ஆட்களிடம் "தறி ஓடற சத்தம் மாதிரித்தானுங்க இருக்கும்" என்று சொன்னால் முகம் தெளிந்துவிடும். அவர்கள் அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவர்கள். அதே வார்த்தையைத் தறியில் கை மாட்டியவரிடம் சொன்னால் அன்றைக்கு ஸ்கேனே நடக்காது. எல்லோருக்கும் ஒரே ஆறுதல் வாசகத்தை அச்சடித்து வைத்துக்கொண்டு படிப்பது ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். குழாயைக் 'குகை', 'சுரங்கம்' என்றும் சொல்ல வேண்டாம். நடூர் மாதிரி இடிபாட்டில் சிக்கி மீண்டவருக்கு அது வெறும் உவமை இல்லை.

நடந்த சம்பவத்தைக் கிண்டிக் கேட்கிற நேர்காணலை ஸ்கேன் நாளில் வைக்காதீர்கள். நோயைக் கண்டறிய நடத்துகிற கேப்ஸ்-5 நேர்காணல் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஓடும். அவரே நிரப்புகிற பி.சி.எல்.-5 படிவத்தில் 20 கேள்வி, மதிப்பெண் 0 முதல் 80 வரை, 31 முதல் 33க்கு மேல் போனால் நோய் இருக்க வாய்ப்பு என்று வைப்பார்கள். இரண்டையும் வேறொரு நாளில் முடித்துவிட வேண்டும். காலையில் எல்லாவற்றையும் கிளறிவிட்டு மத்தியானம் படுக்க வைத்தால் நாம் அளப்பது நோயையா, காலையில் நாம் கொடுத்த வேதனையையா? முதல் நாள் இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று மட்டும் ஸ்கேன் அன்று கேட்டுக் குறியுங்கள். காபா குறைவு தூக்கமின்மையோடு சேர்ந்து போவதால், தூக்கத்தை அளக்காமல் விட்டால் தூக்கமின்மையின் எண்ணை பி.டி.எஸ்.டி.யின் எண்ணாக எழுதிவிடுவோம்.

உள்ளே எடுத்ததும் வரிசை முக்கியம். முதலில் டி1 கட்டமைப்புப் படம், சுமார் ஐந்து நிமிடம். உடனே எம்.ஆர்.எஸ். செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யும், நரம்பு இழைகளைக் காட்டுகிற டி.டி.ஐ.யும் கடைசியில். இதற்கு இரண்டு காரணம். அவை இயந்திரத்திலுள்ள கிரேடியன்ட் காந்தச் சுருள்களைச் சூடாக்கும். சூடு ஆறும்போது காந்தப் புலம் நகரும், அலைவரிசை பல ஹெர்ட்ஸ் நழுவும். 3 டெஸ்லாவில் ஒரு பி.பி.எம். என்பது சுமார் 128 ஹெர்ட்ஸ். 10 ஹெர்ட்ஸ் நழுவினாலே காபா அளவீடு கோணிவிடும். இரண்டாவது காரணம் ஆள். பெரிய சத்தமெல்லாம் அந்த இரண்டில்தான். எம்.ஆர்.எஸ். இரண்டு விநாடிக்கு ஒரு தட்டு என்று நிதானமாகப் போகும். சத்தத்தைக் கடைசிக்குத் தள்ளினால், ஒருவேளை அவர் அங்கே பந்தை அமுக்கினாலும் நமக்கு வேண்டியது கைக்கு வந்திருக்கும். காலையில் முதல் ஆளாக வைப்பது இன்னும் நல்லது, இயந்திரம் இரவெல்லாம் ஆறியிருக்கும்.

வாக்ஸெல் எவ்வளவு பெரியது? மூளையின் முன்நடுவிலுள்ள ஆன்டீரியர் சிங்குலேட்டுக்கு 2 செ.மீ. கனசதுரம், 8 மில்லி. ஹிப்போகேம்பஸுக்கு 1.5 x 1.5 x 3 செ.மீ., அதன் நீளவாட்டில் சாய்த்து, 6.75 மில்லி. ப்ரெஸ் என்கிற வழக்கமான எம்.ஆர்.எஸ். முறையில் டி.இ. (துடிப்புக்கும் சிக்னலுக்கும் இடைவெளி) 30 மில்லி விநாடி, டி.ஆர். (ஒருமுறைக்கும் அடுத்த முறைக்கும் இடைவெளி) 2 விநாடி, 128 முறை எடுத்தால் 4 நிமிடம் 16 விநாடி. "பயத்தைக் கையாளும் அமிக்டலாவை மட்டும் 1 செ.மீ. பெட்டியில் எடுக்கலாமே" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பக்கம் பாதியானால் கன அளவு எட்டில் ஒன்று, சிக்னலும் எட்டில் ஒன்று. இரைச்சலோ எடுக்கும் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத்தான் குறையும். இழந்ததை மீட்க 64 மடங்கு எடுக்க வேண்டும், அதாவது நாலரை மணி நேரம். பயந்த மனிதரிடம் அதைக் கேட்க முடியாது.

ஹிப்போகேம்பஸ் இருக்கிற இடமே வில்லங்கம். கீழே காது எலும்பின் காற்றறைகள், முன்னால் ஸ்பீனாய்டு சைனஸ். காற்றும் எலும்பும் சந்திக்கிற இடத்தில் காந்தப் புலம் சீராக இருக்காது. ஷிம்மிங் செய்த பிறகு, அதாவது காந்தப் புலத்தைச் சீராக்கிய பிறகு, நீர்ச் சிக்னலின் அகலத்தைப் பாருங்கள். சிங்குலேட்டில் 8 முதல் 10 ஹெர்ட்ஸ் வர வேண்டும். ஹிப்போகேம்பஸில் 12, 13 வரை பொறுத்துக்கொள்ளலாம். 15ஐத் தாண்டினால் எடுக்காதீர்கள். பெட்டியின் முன்முனையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் இழுத்து மறுபடி ஷிம் செய்தால் பல தடவை சரியாகிவிடும். "நேரமாச்சு, இப்படியே எடுத்துக்கலாம்" என்று விட்ட ஸ்பெக்ட்ரத்தில் கோலினும் கிரியாட்டினும் ஒட்டிக்கொண்டு ஒரே மேடாகத் தெரியும், பிறகு அழுதாலும் பிரியாது.

இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாதது. திரையில் நீங்கள் வரைந்த பெட்டி நீரின் பெட்டி. அலைவரிசை வேறு என்பதால் என்.ஏ.ஏ.யின் பெட்டி அதிலிருந்து தள்ளி இருக்கும். ப்ரெஸ்ஸின் 180 பாகைத் துடிப்பின் அகலம் 1,200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. பெட்டியில் இந்த விலகல் ஏறக்குறைய 6 மி.மீ. கொழுப்பின் பெட்டி இன்னும் தள்ளி. திரையில் மண்டையோட்டிலிருந்து விலகி இருப்பதாகத் தெரிகிற பெட்டி, கொழுப்பைப் பொறுத்தவரை தலைத்தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஸ்பெக்ட்ரத்தில் 1.3 பி.பி.எம். இடத்தில் எருமை முதுகு மாதிரி ஒரு மேடு எழுந்தால் காரணம் இதுதான். அதை லாக்டேட் என்று எழுதிவிடாதீர்கள். லாக்டேட் 1.33இல் இரட்டைக் கொம்பாக வரும், மேடாக வராது. இயந்திரத்தில் செமி-லேசர் முறை இருந்தால் அதையே எடுங்கள், இந்த விலகல் வெகுவாகக் குறையும்.

காபாவுக்குச் சாதாரண ப்ரெஸ் போதாது. அதன் 3.0 பி.பி.எம். சிக்னல் கிரியாட்டினின் காலடியில் புதைந்து கிடக்கிறது, கிரியாட்டின் அதைப்போல ஐந்தாறு மடங்கு. மெகா-ப்ரெஸ் முறையில் 1.9 பி.பி.எம்.மில் திருத்தத் துடிப்பு கொடுத்து ஒருமுறை, கொடுக்காமல் ஒருமுறை எடுத்துக் கழித்தால் கிரியாட்டின் மறைந்து காபா தனியே நிற்கும். டி.இ. 68 மில்லி விநாடி, 320 முறை, 10 நிமிடம் 40 விநாடி, பெட்டி 3 செ.மீ. கனசதுரம், 27 மில்லி. ஆகவே ஹிப்போகேம்பஸில் காபா என்று யாராவது 3 டெஸ்லாவில் சொன்னால் பெட்டி எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். கழித்து வந்த படத்தில் 3.75இல் குளூட்டமேட்டும் குளூட்டமினும் சேர்ந்த மேடு, 3.0இல் காபா, 2.0இல் தலைகீழாகத் தொங்குகிற என்.ஏ.ஏ. மூன்றும் தெரிய வேண்டும். காபாவின் தோள் ஒருபக்கம் சரிந்து ஏறி இறங்கினால் ஆள் அசைந்திருக்கிறார், அல்லது அலைவரிசை நழுவியிருக்கிறது. நன்றாக வந்த சிகரத்திலும் பாதி அளவுக்குப் பெருமூலக்கூறுகளின் சிக்னல் கலந்திருக்கும். அதனால் முடிவில் வெறுமனே காபா என்று எழுதாமல் 'காபா பிளஸ்' என்று எழுதுவது முறை.

பத்து நிமிடம் நாற்பது விநாடி அசையாமல் கிடப்பது எப்படி? "ஏனுங், உள்ள மூச்சு முட்டாதுங்களா?" என்று கேட்பவரிடம் முட்டாது என்று சொல்வதைவிட, குழாயின் இரண்டு பக்கமும் திறந்திருப்பதையும் மின்விசிறிக் காற்று வருவதையும் கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காதில் பஞ்சு, அதன்மேல் ஹெட்போன். கையில் ரப்பர் பந்து, அதை அவரே ஒருமுறை அமுக்கி மணி அடிப்பதைக் கேட்கட்டும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் நேரத்தைச் சொல்லுங்கள்: "இப்ப பத்து நிமிசமுங்க, தட்டற சத்தம் மட்டுந்தான், முடிஞ்சதும் பேசறேன்." முடிந்ததும் பேசியே ஆக வேண்டும். சொன்ன நேரத்தில் குரல் வரவில்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்ற பழைய நினைப்பு வந்துவிடும். தூங்கவும் விடாதீர்கள். ராத்திரியெல்லாம் விழித்தவர் உள்ளே அசந்துபோவார், தலை சரியும், கெட்ட கனவில் திடுக்கிட்டு எழுந்தால் முகத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் சுவர் நிற்கும். சத்தமில்லாத இயற்கைக் காட்சிகளை ஓடவிட்டுக் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்வதே நல்லது. அந்தக் காட்சிகளை முதலில் நீங்கள் முழுதாகப் பார்த்துவிடுங்கள். யானை வராமல் இருக்கட்டும்.

அவர் பந்தை அமுக்கினால் உடனே வெளியே எடுங்கள். "இன்னும் ஒரு நிமிசந்தான்" என்று பேரம் பேசக் கூடாது. வெளியே வந்து தண்ணீர் குடித்து மறுபடி போகிறேன் என்றால் போகலாம், ஆனால் புதிதாகக் குறிப்புப் படம் எடுத்துப் பெட்டியை மறுபடி வைத்து, ஷிம்மும் மறுபடி செய்ய வேண்டும். பழைய பெட்டியையே வைத்து எடுத்தால் அது வேறு இடத்தின் கணக்கு.

ஒவ்வொரு வாக்ஸெலுக்கும் நீரை அடக்காமல் 8 அல்லது 16 முறை தனியாக எடுத்து வைக்க மறந்துவிடாதீர்கள், அளவுகோலே அதுதான். மூலத் தரவை அன்றே பிரதி எடுக்கவும்: சீமென்ஸ் இயந்திரத்தில் ட்விக்ஸ் கோப்பு, பிலிப்ஸில் எஸ்டாட்டும் எஸ்பாரும், ஜி.இ.யில் பி-ஃபைல். வழக்கமான டைகாம் படக்கோப்பு மட்டும் போதும் என்று விட்டால் 320 முறையும் ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கலாம். அப்புறம் நழுவலைத் திருத்தவோ, இருமிய நேரத்தை மட்டும் நீக்கவோ வழியில்லை. வேலை மிகுந்த சென்டரில் இயந்திரத்தின் வட்டு சில நாளில் நிரம்பிப் பழையதை அழித்துவிடும். இதில் போன தரவுக்காக ஒரு மனிதரை மறுபடி உள்ளே படுக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

கணக்குப் போடும்போது மூன்று இடத்தில் வழுக்கும். முதலாவது கிரியாட்டின். பலரும் என்.ஏ.ஏ.யைக் கிரியாட்டினால் வகுத்து விகிதமாக எழுதுவார்கள், கிரியாட்டின் மாறாது என்ற நம்பிக்கையில். மேலே சொன்ன ஷூஃப் ஆய்வில் வலது ஹிப்போகேம்பஸில் கிரியாட்டினும் 26 சதவீதம் குறைந்திருந்தது. தொகுதியும் பகுதியும் சேர்ந்து குறைந்தால் விகிதம் நலமாகவே தெரியும். இரண்டாவது மூளைத்தண்டுவடத் திரவம். பெட்டியில் 20 சதவீதம் திரவம் இருந்தால் அந்த இடத்தில் என்.ஏ.ஏ. கிடையாது. அளந்து வந்தது 8 என்றால் திசுவில் இருப்பது 8ஐ 0.8ஆல் வகுத்த 10. ஹிப்போகேம்பஸ் சுருங்கியவருக்குத் திரவப் பங்கு கூடும் என்பதால், டி1 படத்தைத் திசுவாரியாகப் பிரித்து இதைத் திருத்தாமல் விட்டால் சுருக்கத்தையே ரசாயனக் குறைவாக எழுதுவோம்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது, பெரிய ஆய்வுகளிலும் தவறுகிற இடம். எல்.சி.மாடல் போன்ற மென்பொருள் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பிழை வரம்பைச் சதவீதமாகத் தரும். 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தூக்கிப்போடு என்பது வழக்கம். ஒரு பொருள் உண்மையிலேயே குறைவாக இருக்கிறவருக்குச் சதவீதப் பிழை தானாகவே ஏறும். ஆக, யாரிடம் குறைவோ அவரையே வெளியே தள்ளிவிட்டு, மிஞ்சியவர்களை வைத்துக் குறைவு இல்லை என்று முடிவு எழுதுகிறோம். பதற்றத்தில் அசைகிறவர்களும் இப்படியே கழிந்துபோகிறார்கள், நோய் முற்றியவர்களே ஆய்வில் இல்லாமல் போகிறார்கள். கழிப்பதை எண்ணைப் பார்த்துச் செய்யாமல் ஸ்பெக்ட்ரத்தின் அகலம், இரைச்சல், அசைவு ஆகியவற்றைப் பார்த்து, யார் நோயாளி யார் இல்லை என்று தெரியாத ஒருவர் செய்ய வேண்டும். எத்தனை பேர் ஏன் கழிந்தார்கள் என்பதை இரண்டு குழுவுக்கும் தனித்தனியே எழுத வேண்டும்.

வாரம் ஒருமுறை ஃபான்டம் என்கிற சோதனைக் கரைசல் குடுவையை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். வெயிலில் வண்டியில் வந்த குடுவையை அப்படியே வைக்காமல் இரவு முழுக்க ஸ்கேன் அறையிலேயே இருக்க விட வேண்டும். ஒரு டிகிரி வெப்பம் மாறினால் நீர்ச் சிக்னல் 0.01 பி.பி.எம். நகரும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று வீணாக அலைய வேண்டி வரும்.

முடிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "என்ற மூளைல கெமிக்கல் கொறஞ்சு போச்சுங்களா?" இதற்கு நேர்மையான பதில், ஒரு தனி மனிதரின் எண்ணை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது என்பதே. குழுக்களின் சராசரியில் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் நோய் உள்ளவர்கள் எண்ணும் இல்லாதவர்கள் எண்ணும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. நோயைக் கண்டுபிடிப்பது இன்றும் மருத்துவர் உட்கார்ந்து கேட்டுத்தான். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கிற கனவும் திடுக்கிடலும் தவிர்த்தலுமே அடையாளம். யாராவது எம்.ஆர்.எஸ். எடுத்து பி.டி.எஸ்.டி.யை உறுதி செய்து தருகிறோம் என்று காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வைத்தியம் தேவைப்படுகிறவரிடம் அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சை உண்டு, செர்ட்ரலின் போன்ற மருந்து உண்டு, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.

அவரைப் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். கால்மணி நேரம் உட்கார வைத்து, டீ கொடுத்து, தாயத்தை அவர் அம்மாவே கட்டிவிட்ட பிறகு துணையோடு போகட்டும். அன்றிரவு பழைய கனவு கூடுதலாக வரலாம் என்பதை இருவரிடமும் சொல்லி அனுப்புங்கள். மறுநாள் காலை பத்து மணிக்குள் ஒருவர் போன் செய்ய வேண்டும், உள்ளே அவரோடு பேசிய அதே குரலாக இருந்தால் நல்லது. "ராத்திரி தூங்குனீங்களாண்ணா?" என்று கேட்டு, எத்தனை மணி நேரம் என்பதை ஸ்கேன் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள்.